சரிவில் ஒரு முக்காலி

காற்றுக்காலம் தொடங்கிவிட்டால் தையல்காரி தினமும் காலையில் மெஷினின் அடித்தகட்டைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் உள்ளே படிந்திருக்கும் செம்மண்ணைக் கூட்டி எடுப்பாள். அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க. இன்னிக்கும் நடந்தே வந்துட்டீங்களா?" என்று விசாரிப்பாள். துணி கொடுக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அது முழு விளையாட்டில்லை. ஊருக்கு மேற்கே இருக்கும் அவர்கள் குடும்பத்துச் சரிவு நிலத்திலிருந்துதான் அந்த மண் கிளம்பி வருகிறது என்று அவளுக்குத் தெரியும். நிறத்தைப் பார்த்தாலே தெரியும். சிறுமியாக இருந்தபோது அந்த மண்ணில் புரண்டவள் அவள்.

அந்தச் சரிவு ஒரு காலத்தில் காடாக இருந்தது. அவளுடைய அப்பா அதை வெட்டித் திருத்தி விளைநிலமாக்கினார். குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு வேண்டியிருந்தது. முதலில் நன்றாகத்தான் விளைந்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு மழை மண்ணை அரித்துக்கொண்டு போனது, மிச்சத்தைக் காற்று தூக்கிக்கொண்டது. அப்பா போன பிறகு நிலம் பாகம் பிரிக்காமலே அண்ணன் பொறுப்பில் இருந்தது. கீழே சமவெளியில் விளைவதை வைத்துக்கொண்டு, சரிவையும் வீம்புக்கு உழுதுகொண்டிருந்தார்.

ஒரு நாள் தையல்காரி அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு சின்ன டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது, மிளகாய்த்தூளா?"

"நம்ம நிலம்ணே. என் மெஷினுக்குள்ள இருந்து எடுத்தது. எனக்கு வர வேண்டிய பாகம் கொஞ்சம் கொஞ்சமா தானா வந்துக்கிட்டிருக்கு. மீதியை நீயே மொத்தமா குடுத்துடு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சமையலறை வாசலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்துக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"மறுபடி காடாக்கப் போறேன். நம்ம பக்கத்து மரங்களோட விதையை நேரா மண்ணுல விதைக்கப் போறேன்."

அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. "அந்தக் காட்டை வெட்டி எடுக்க அப்பா முதுகு ஒடிஞ்சு போனார். நீ அதைத் திரும்பக் கொண்டுவரப் போறியா?"

"அவர் முதுகு ஒடிஞ்சு எடுத்த மண்ணு காத்துல போகுதேன்னுதான்ணே சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உழாத நிலத்தைப் பார்த்தால் அவருக்குச் சவரம் செய்யாத முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். டப்பாவைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. இந்த மழை, அடுத்த மழை. ரெண்டு மழை முடியறப்ப நான் வந்து நின்னு பார்ப்பேன். மரம் வந்திருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா டிராக்டர் இறங்கும். அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு வரக்கூடாது."

"நான் ஏன் சிந்தறேன்? நீ கைக்குட்டை எடுத்து வச்சுக்கோ."

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கன்று வாங்கி நடு, ஒரே வருஷத்தில் ஆள் உயரம் வந்துவிடும் என்றார்கள். "நட்ட கன்னு என் இடுப்பையே பார்த்துக்கிட்டு நிக்கும், எப்ப குடத்தோட வருவாளோன்னு" என்பாள் தையல்காரி. "விதைச்சது முதல்ல வேரைத்தான் விடும். தண்ணி எங்கேன்னு அதுவே தேடிப் போகும். எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ரெண்டும் துணியில இருக்கு."

விதைக்கு எங்கே போவது? காட்டை வெட்டியவர்கள் வெட்டாமல் விட்ட மூலைகள் சில இருந்தன. கல்லறைச் சுவரோரம், ரயில் பாதையின் மறுபுறம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளம். அங்கெல்லாம் அந்தப் பக்கத்துப் பழைய மரங்கள் இன்னும் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரி பை எடுத்துக்கொண்டு போனாள். விஷயம் பரவியதும் மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். பஸ் கண்டக்டர் சில்லறைப் பையிலிருந்து விதையைப் பொறுக்கி மேஜையில் வைத்துவிட்டுப் போவார். கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுத்த ஒருவர் அந்தச் சட்டைப் பை நிறைய நெற்றோடு கொடுத்தார். கேலி செய்தவர்கள்தான் அதிகமாகக் கொண்டுவந்தார்கள். மனிதர்களைப் படைத்தவன் அவர்களுக்கு வாய் ஒரு மாதிரியும் கை ஒரு மாதிரியும் வைத்திருக்கிறான்; நல்லவேளையாகக் கைதான் நீளம்.

கடையில் வெட்டி மிஞ்சிய துணிகளின் மேல் விதைகள் காய்ந்தன. வெயில் ஏறினால் நெற்றுகள் பட்பட்டென்று வெடித்து, அளவு பார்க்கும் கண்ணாடியில் விதைகள் தெறிக்கும். திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்து அலறியிருக்கிறாள்.

மரநாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் அவளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். நெற்று மரங்களின் விதைக்குத் தோல் கெட்டி. கொதிக்கும் நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். அப்போதுதான் தோல் இளகி முதல் மழைக்கே முளைக்கும். "சுடுதண்ணி போதாதும்மா. கொதிக்கணும். இல்லேன்னா அது பாட்டுக்குத் தூங்கும்."

ஒரு பை விதைக்கு அப்படியே செய்தாள். இரண்டாவது பைக்காகக் காலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பள்ளிக்கூடப் பெண் அழுதுகொண்டே வாசலில் வந்து நின்றாள். சைக்கிள் சங்கிலியில் மாட்டிப் பாவாடை முழங்கால் வரை கிழிந்திருந்தது. அன்று பரீட்சை. தையல்காரி அடுப்பை அணைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். கிழிந்தது தெரியாமல் தைத்து, கண்ணைத் துடைத்து, தலையையும் வாரிவிட்டு அனுப்பியபோது தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. மறுபடி அடுப்பை மூட்டினால் கேஸ் தீர்ந்திருந்தது. மறுநாள் விதைப்பு, மழை வானத்தின் ஓரத்தில் வந்து நின்றிருந்தது. இருந்த தண்ணீரையே ஊற்றினாள்.

"ஆண்டவனே, விதையையும் குழந்தையையும் ஒரே நேரத்துல அனுப்பினது நீ. மீதியை நீயே பார்த்துக்கோ" என்றாள். அவளுடைய பிரார்த்தனைகள் எல்லாம் அந்த மாதிரிதான் இருக்கும்.

விதைக்கும் முன் களைப்புல்லின் விதைகளை ஒழிக்க வேண்டும். அதற்காக, வரிசை வரிசையாக மேல்மண்ணை மெல்ல வழித்து ஒதுக்குவதற்கு டிராக்டர்காரன் வந்தான். அவனுக்கு ஊரில் 'கியர்' என்று பெயர்; எந்தச் சாலையிலும் முதல் கியரைத் தாண்ட மாட்டான். அவனிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த நிலத்தில் இறங்கினாலும் முதலில் வண்டியை அணைத்துவிட்டு, தான் ஓட்டப்போகும் முதல் வரிசையை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வருவான். நிலத்துக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"எதைத் தேடுறே?" என்று தையல்காரி அன்று கேட்டாள்.

"தரையில கூடு கட்டற குருவி இருக்குக்கா. ஒரு தடவை பார்க்காம ஓட்டிட்டேன். முட்டை எல்லாம் போச்சு. அம்மா குருவி டிராக்டர் பின்னாலயே பறந்து வந்தது."

"தெரியாமத்தானே பண்ணினே? ஆண்டவன் மன்னிச்சிருப்பான்."

"பார்க்காம பண்றது தெரியாம பண்றதுல சேராதுக்கா" என்றான் கியர். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டு, "ஆனாலும் நல்ல மண்ணை வழிச்சு ஓரத்துல போட்டுட்டு விதைக்கிறீங்களே, மொட்டை போட்டுட்டு சீப்பு வாங்கற மாதிரி இருக்கு" என்றான்.

அவன் வழித்துக்கொண்டே போக, அவள் மணலில் கலந்த விதையைத் தூவிக்கொண்டே பின்னால் போனாள். மண்ணைப் போட்டு மூடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, துணியில் மடிப்புத் தேய்ப்பதுபோல் குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்தாள்.

முதல் மழைக்கு, கொதிநீரில் ஊறிய பை முளைத்தது. இரண்டு தடித்த இலை, அதன் நடுவே இறகு போன்ற ஒரு சின்ன இலை. மற்ற பையிலிருந்து ஒன்றும் வரவில்லை. தையல்காரி வருந்தவில்லை, வந்தவற்றைக் கொண்டாடினாள். கோடையில் பாதி கருகியது. மீதி, விரல் உயரத்தில் நின்றுகொண்டு உயிரை விடமாட்டேன் என்றது. அடுத்த மழை தொடங்கியதும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு புல் எழுந்தது. பார்க்கிறவர்களுக்குப் புல்தான் தெரிந்தது. "உங்க தங்கச்சி காடு நல்லா இருக்கு, மாட்டை அவுத்து விடலாமா?" என்று அண்ணனைக் கடைத்தெருவில் கேட்டார்கள்.

களை எடுக்க வேண்டிய அந்த நேரம் பார்த்துப் பள்ளி திறந்தது. கடையில் சீருடைத் துணி கூரையைத் தொட்டது. ஒரு வழியாக அவற்றைத் தைத்து முடித்துவிட்டு ஒரு மாலையில் அவள் சரிவுக்குப் போனபோது, அங்கே அண்ணி இருந்தாள்.

அண்ணி களைக்கொத்தோடு குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. இவளைப் பார்த்ததும் எழுந்து, பரிசு வாங்கிய குழந்தைபோல் சிரித்தாள்.

"வந்துட்டியா? முழுக்க முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். உங்க அண்ணன் சந்தைக்குப் போற நாளா பார்த்து வந்து எடுத்தேன். நீ தனியாக் கஷ்டப்படறியேன்னு. பாரு, வரிசை எப்படி இருக்கு."

வரிசை அழகாக இருந்தது. வகிடு எடுத்ததுபோல் இருந்தது. அதில் பச்சையாகப் புல் மட்டும் நின்றது. ஓரத்தில் அம்பாரமாகக் காய்ந்து கிடந்தவை எல்லாம் அவளுடைய கன்றுகள்.

"இது நெருக்கமா, வரிசையா, செழிப்பா இருந்துச்சா, இதுதான் நீ போட்டதுன்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் அண்ணி. "நடுவுல கெட்டி வேரோட ஏதோ ஒரு பாழாப்போன களை. இழுத்தா வர மாட்டேங்குது. கையைக் கிழிச்சிருச்சு."

தையல்காரியின் தொண்டை வரை ஒரு சொல் வந்தது. அது சூடான சொல். அவள் வாயில் அதைவிடக் குறைந்த சூட்டில் சொல் வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அண்ணி விரித்துக் காட்டிய உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. கணவனுக்குத் தெரியாமல் வாழ்நாளில் எதுவும் செய்திராத பெண் அவள். முதன்முதலாகச் செய்த கள்ளத்தனம் இதுதான்.

அந்தச் சொல்லை விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. விழுங்கினாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அம்பாரத்திலிருந்து ஒரு கன்றை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். மேலே விரல் அளவு; கீழே வேர் முழங்கை நீளம்.

"அண்ணி, நான் போட்டது இது."

அண்ணி அந்த வேரைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். அவள் முகம் கலைந்ததைத் தையல்காரியால் பார்க்க முடியவில்லை.

"திரும்ப நட்டா பிழைக்காதா?"

"பிழைக்காது அண்ணி."

"நான் அவர்கிட்டச் சொல்லிடறேன். நான்தான் பிடுங்கினேன்னு."

"எதுக்கு? உங்களுக்குத் திட்டு விழும், எனக்கு மரம் வராது. ஒரு நாளைக்கு ஒரு நஷ்டம் போதும்." தையல்காரி களைக்கொத்தை எடுத்து அண்ணியிடமே நீட்டினாள். "மேல்மூலையில கொஞ்சம் மிச்சம் இருக்கு. நான் விடப் போறதில்லை. நீங்க வர்றீங்களா இல்லையா?"

அண்ணி வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க, அண்ணன் சந்தைக்குப் போன நாளெல்லாம், இருவரும் மண்டியிட்டு வரிசை வரிசையாகப் புல்லைக் கிளறி எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பிடுங்கும் முன் அண்ணி கேட்பாள்: "இது நம்மதா?" இல்லை என்றால் பிடுங்குவாள். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். கண்ணாலேயே தெரிந்துகொண்டாள். எடுத்து முடித்தபோது சரிவு வெறும் மண்ணாக இருந்தது. மேல்மூலையில் சில கன்றுகள். மற்ற இடமெல்லாம் வெறுமை. அதைப் பார்க்க மனம் வராமல் தையல்காரி மழையின் கடைசி நாட்களில் அந்தப் பக்கமே போகவில்லை.

மழை நின்றது. அண்ணன் சொல்லி அனுப்பினார்: நாளைக் காலை கியர் வருகிறான்.

மறுநாள் அண்ணனும் டிராக்டரும் போய்ச் சேர்ந்தபோது, சரிவின் அடியில், வண்டி ஏற வேண்டிய இடத்தில், கடை முக்காலியைப் போட்டுத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை. மடியில் யாருடைய சட்டையோ. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கடைண்ணே. இன்னிக்கு இங்க."

"எந்திரி."

"ஆறு பொத்தான் இருக்கு. அப்புறம் கைமடிப்பு."

"நீயும் நானும் பேசி ஒத்துக்கிட்டது. ரெண்டு மழை. முடிஞ்சு போச்சு. எங்கே காடு? காட்டு."

"மேல்மூலையில நிக்குது."

"அது காடா? வழுக்கைத் தலையில நாலு முடி. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"அப்பா காட்டை வெட்டினப்பவும் சிரிச்சாங்க, இவனுக்கு வேற வேலை இல்லைன்னு. அதுக்காக அவர் விட்டுட்டு எந்திரிச்சுப் போனாரா?" அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒத்துக்கிட்டேன்ணே. தோத்துட்டேன்னு வச்சுக்கோ. சத்தம் போடு, வாங்கிக்கிறேன். ஆனா இந்த மண்ணுல இனி கலப்பை இறங்கணும்னா முக்காலியோட சேர்த்துத்தான் உழணும். நீயும் உன் டிராக்டரும் ஒரு பக்கம் நில்லுங்க. நான் வாழ்நாள் பூரா உட்கார்ந்தே வேலை பார்த்தவ. யாருக்கு முதல்ல கால் வலிக்குதுன்னு பார்க்கலாம்."

அண்ணன் கியரைப் பார்த்தார். "சுத்திப் போ."

கியர் தலையாட்டினான். வண்டியைத் திருப்பி அடுத்த வரிசையில் நிறுத்தினான். அணைத்தான். இறங்கி நடக்கத் தொடங்கினான்.

"இப்பவுமாடா? இங்க என்ன கூடு இருக்கப் போகுது?" என்றார் அண்ணன்.

"இருக்காதுங்க. பார்த்துட்டா போச்சு."

அவன் சரிவில் ஏறினான். பாதி தூரத்தில் நின்றான். குனிந்தான். இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி குனிந்தான். தையல்காரியின் ஊசி நின்றது. வேகமாகவே போகத் தெரியாத அவன், இறங்கும்போது கிட்டத்தட்ட ஓடி வந்தான்.

"அக்கா, வழி நெடுக ரெண்டு ரெண்டு இலையா என்னமோ வந்திருக்கு. அது என்ன?"

அவள் எழுந்துவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய பை அது. கோடை கருக்கியபோது அது தூங்கியது. அண்ணி பிடுங்கியபோதும் தூங்கியது. இரண்டு பெண்கள் புல்லை அகற்றி மண்ணைக் கிளறிவிட்ட பிறகு, கடைசி மழையில் கண் விழித்திருக்கிறது. அன்று அந்தப் பள்ளிக்கூடப் பெண் அழுதுகொண்டு வராமல் இருந்திருந்தால் தண்ணீர் கொதித்திருக்கும், எல்லாம் ஒன்றாக முளைத்து ஒன்றாகப் போயிருக்கும். ஆண்டவனிடம் விட்ட மீதியை அவன் மறக்கவில்லை.

அண்ணன் அவர்களுக்கு முன்னால் ஏறிப் போய்ப் பார்த்தார். "களை" என்றார். "மழை விட்டா எந்த நிலத்துலயும் வரும். நான் பார்க்காத களையா? ஏறுடா வண்டியில."

"களை இல்லைங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். கணவனுக்குக் காலைச் சோறு கொண்டுவந்த அண்ணி, தூக்குச்சட்டியோடு பாதையில் நின்றிருந்தாள். மேலே ஏறி வந்து, சட்டியை வைத்துவிட்டு, அவர் காலடியில் மண்டியிட்டு, ஒரு முளையின் இரண்டு பக்கமும் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இது நெற்று மரம். இந்த இறகு இலை இருக்கு பாருங்க. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை முளைச்சதை எல்லாம் பிடுங்கிப் போட்டது நான்தான். களைன்னு நினைச்சு. உங்களுக்குத் தெரியாம வந்து, என் கையால." அவள் கையை எடுக்கவில்லை. "ஒரு தடவை பிடுங்கினது போதும். இன்னொரு தடவை யாரும் பிடுங்க விடமாட்டேன். நீங்களா இருந்தாலும்."

இத்தனை வருஷத்தில் அண்ணி அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. அண்ணன் குனிந்து, வேறொரு முளையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். அதற்குள் அது கீழே பிடித்துக்கொண்டிருந்தது. நிலத்தோடே வாழ்ந்தவர் அல்லவா, அந்தப் பிடி என்னவென்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விட்டுவிட்டார்.

"என்னால இதுல கலப்பையை இறக்க முடியாதுங்க" என்றான் கியர் கீழே பார்த்துக்கொண்டு. "பார்த்துட்டேன்."

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தங்கையின் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் பேசினார்.

"ஆடு ஏறி வந்தா ஒரே நாள்ல மேய்ஞ்சிடும். வேலி இல்லாம எவளாவது விதைப்பாளா? அறிவு வேண்டாம்?"

"நீ வர்றதுக்காகத்தான்ணே வேலி போடாம வச்சிருந்தேன்."

"வாயைப் பாரு. அப்பா வாய்." அவர் தூக்குச்சட்டியை எடுத்தார். "கீழ் வயல்ல பழைய கம்பி கிடக்கு. கியரு, வண்டி சும்மா போக வேண்டாம், ஏத்திக்கிட்டு வா."

தையல்காரி முக்காலிக்குத் திரும்பி, சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒரு பொத்தான் பாக்கி இருந்தது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கண்ணீர் மறைத்தது. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

அண்ணன் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். போகும்போது நேராக, எதன் மேலும் கால் வைத்து ஏறியவர்; இப்போது வரிசையின் ஓரத்துக்குப் போய், ஒவ்வொரு அடிக்கும் கீழே பார்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து இறங்கினார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.